பொதுப்பள்ளியா, சிறப்புக் கல்விப் பள்ளியா: தொடக்கநிலை ஒன்றுக்கு முன் எடைபோட வேண்டியவை

பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கி எனக்கு இருபது ஆண்டுகள் நெருங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் விடுமுறைக்கு முந்திய வாரங்களில், அதாவது தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு ஜூலையில் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, பிள்ளையை அழைத்துச்செல்ல வரும் பெற்றோரில் ஒருவராவது மற்றவர்கள் போகும்வரை காலணி அடுக்கின் அருகே காத்து நிற்பார். கையில் மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டு அறிக்கை இருக்கும். "டீச்சர், இவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" என்ற கேள்விக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை. அவர்களிடம் சொல்ல விரும்பியவற்றை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், தெரிவுகள் இரண்டுதான் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் உண்மையில் நான்கு வழிகள் உள்ளன: உதவியோடு கூடிய பொதுப்பள்ளி, செவித்திறன் அல்லது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கெனக் குறிக்கப்பட்ட பொதுப்பள்ளி, தேசியப் பாடத்திட்டத்தையே கற்பிக்கும் சிறப்புக் கல்விப் பள்ளி, பிள்ளையின் திறனுக்கேற்ப வகுத்த பாடத்திட்டத்தைக் கொண்ட சிறப்புக் கல்விப் பள்ளி. உளவியலாளர் தம் அறிக்கையில் ஒன்றைப் பரிந்துரைத்திருப்பார். அந்தப் பரிந்துரையை மதிக்க வேண்டும்; ஆனால், சோதனை நடந்த அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்த பிள்ளையையும் வீட்டில் நாள்தோறும் நீங்கள் பார்க்கும் பிள்ளையையும் சேர்த்துவைத்தே முடிவெடுக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சில வரிகள் மட்டும். 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்வி ஏற்பாட்டில் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் சேர்க்கப்படவில்லை. 2019இல் தொடக்கநிலை ஒன்றுக்கு வந்த பிள்ளைகளிலிருந்துதான் அவர்களும் அதற்குள் வந்தார்கள். பதினாறு ஆண்டுகள் அவர்கள் வெளியே நின்றிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த ஆண்டுகளில் வீட்டிலேயே வளர்ந்து பெரியவர்களான சிலரை நம் குடும்பங்கள் நன்கு அறியும். இன்று முறையான விலக்குப் பெறாமல் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதற்கு இடமில்லை என்பதோடு, சிறப்புக் கல்விப் பள்ளியும் இந்நாட்டுக் கல்வியின் ஓர் அங்கம் என்பதையும் அந்த மாற்றம் உறுதிப்படுத்தியது.

பொதுப்பள்ளியிலிருந்து தொடங்குவோம். கல்வி அமைச்சு சொல்லிவரும் கணக்குப்படி, சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பொதுப்பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். வாசிப்பதில் சிரமப்படும் டிஸ்லெக்சியா, கவனக்குறைவு, இலேசான ஆட்டிசம் போன்றவை உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சிறப்புத் தேவை அதிகாரிகள் இருக்கிறார்கள். அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சிலரும் இருப்பார்கள். ஆங்கில வாசிப்பில் பின்தங்குவோருக்குத் தொடக்கநிலை மூன்றிலும் நான்கிலும் சிறு குழுவில் டிஸ்லெக்சியா குறைதீர் வகுப்பு நடக்கிறது. நடத்தையிலும் பழகுவதிலும் சிரமப்படும் தொடக்கநிலை ஒன்று மாணவர்களுக்கு டிரான்சிட் என்ற திட்டம் உண்டு. வரிசையில் நிற்பது, உதவி கேட்பது, கோபம் வரும்போது என்ன செய்வது என்பவற்றை அது படிப்படியாகப் பழக்குகிறது. தேர்வுகளில் கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளையும் கேட்டுப் பெறலாம்.

தாளில் பார்க்கும்போது இவையெல்லாம் நிறைவாகவே தெரியும். பிள்ளைக்குக் கடினமாக இருப்பது பெரும்பாலும் பாடவேளைக்கு வெளியே இருக்கும் நேரம். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு ஏறத்தாழ 30 பேர் இருப்பார்கள்; தொடக்கநிலை மூன்றில் அது 40 வரை போகும். இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிறைந்த உணவகத்தில் வரிசையில் நின்று, காசு கொடுத்து, தட்டைக் கீழே போடாமல் தூக்கிவந்து, இடம் பிடித்து, உண்டு, கழிவறைக்கும் போய்வர வேண்டும். நான்கு வயதிலேயே தமிழும் ஆங்கிலமும் சரளமாக வாசித்த ஒரு பையன் என்னிடம் படித்தான். கணக்கிலும் கெட்டிக்காரன். பொதுப்பள்ளியில் அவனை வாட்டியது பாடம் எதுவும் இல்லை; உணவகத்து இரைச்சல்தான். காதுகளைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றவன், முதல் பருவத்தில் பல நாள் எதுவும் உண்ணாமல் வீடு திரும்பினான். அதைக் கவனித்த சிறப்புத் தேவை அதிகாரி, இடைவேளை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக அவனையும் ஒரு தோழனையும் அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்த ஐந்து நிமிடம் அவனுடைய பள்ளி வாழ்க்கையையே மாற்றியது. வேறொரு பள்ளிக்குப் போன இன்னொரு பிள்ளைக்கு அப்படிக் கவனிக்க யாரும் வாய்க்கவில்லை. கடைசி வரிசையில், சுவரைப் பார்த்தபடி, யாருக்கும் தொந்தரவு இல்லாத பிள்ளையாக ஓராண்டு முழுவதும் உட்கார்ந்திருந்தாள். பெற்றோருக்கு அது தெரியவந்தபோது ஆண்டு முடிந்திருந்தது.

இரண்டு பள்ளிகளிலும் திட்டங்கள் ஒன்றுதான். ஆகவே, "உங்கள் பள்ளியில் என்ன உதவி உண்டு?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "என் மகன் இடைவேளையில் அழுதால் அவனிடம் முதலில் வருவது யார்? அவர் விடுப்பில் இருந்தால் யார்?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம். சக்கர நாற்காலியில் செல்லும் பிள்ளையாக இருந்தால், மின்தூக்கி எந்தெந்தத் தளத்தில் நிற்கிறது, அறிவியல் கூடத்துக்கும் இசை அறைக்கும் அது போகிறதா, தீயணைப்புப் பயிற்சியின்போது பிள்ளையை யார் கீழே கொண்டுவருவார் என்பவற்றை நேரில் நடந்து பாருங்கள்.

குறிக்கப்பட்ட பொதுப்பள்ளிகள் நம்மவர் அதிகம் அறியாதவை. சைகை மொழி பேசும் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியும், அதன்பின் பீட்டி உயர்நிலைப்பள்ளியும் உள்ளன. சைகை தெரிந்த ஆசிரியர்கள் அங்கே மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து கற்பிக்கிறார்கள். பேச்சு வழியாகவே கற்கும் பிள்ளைகளுக்கு, ஒரே வளாகத்தில் இயங்கும், சிறப்புக் கல்விப் பள்ளியான கனோசியன் பள்ளியும் கனோசா கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியும் இருக்கின்றன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தோ பாயோவில் சிறப்புக் கல்விப் பள்ளியான லைட்ஹவுஸ் பள்ளியும், உயர்நிலையில் அஹ்மது இப்ராஹிம் உயர்நிலைப்பள்ளியும் உண்டு. எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு, அதே சமயம் தன்னைப் போன்ற சில தோழர்களையும் அங்கே காண முடிவது பெரிய வரம். தன் வகுப்பில் செவிப்புலக் கருவி அணிந்திருப்பவள் தான் ஒருத்திதான் என்று உணரும் பிள்ளை அதைத் தலைமுடியால் மறைக்கப் பார்ப்பாள். நான்கு பேர் அணிந்திருக்கும் இடத்தில் அதன் நிறத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாள். குறை, தூரம்தான். ஜூரோங்கிலோ செங்காங்கிலோ இருக்கும் குடும்பம் தினமும் அதற்கு ஈடுகொடுக்க முடியுமா என்பதைப் பதிவுக்கு முன்பே கணக்கிட வேண்டும்.

சிறப்புக் கல்விப் பள்ளிகளில் ஒரு வகை தேசியப் பாடத்திட்டத்தையே கற்பிக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 2004இல் தொடங்கிய பாத்லைட் பள்ளி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அங்குள்ள மாணவர்கள் மற்றவர்கள் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையே எழுதுகிறார்கள். சில வகுப்புகள் கூட்டாளிப் பொதுப்பள்ளி வளாகங்களிலும் நடக்கின்றன. அறிவில் குறையேதும் இல்லாமல், பெரிய வகுப்பின் சத்தமும் எதிர்பாராத மாற்றங்களும் மட்டுமே தாங்க முடியாத பிள்ளைக்கு இது மிகப் பொருத்தமானது. முன்பு சொன்ன, காதைப் பொத்திக்கொண்டு நின்ற பையனுக்கும் இந்த வழி பேசப்பட்டது. அவனுக்குப் பொதுப்பள்ளியில் ஒரு நல்ல அதிகாரி கிடைத்ததால் அங்கேயே தங்கினான். கிடைத்திராவிட்டால் மாற்றுவதே சரியாக இருந்திருக்கும். இத்தகைய பள்ளிகளில் இடத்துக்குப் போட்டி அதிகம் என்பதால், பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு வரை காத்திருக்காமல் மதிப்பீட்டை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

நான்காவது வழியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகள், ஒன்றுக்கு மேற்பட்ட உடற்குறைகள் உள்ள பிள்ளைகள் முதலியோர் சேர்கிறார்கள். 1962இல் தொடங்கிய மைண்ட்ஸ் அமைப்பின் பள்ளிகள், ஏபிஎஸ்என் அமைப்பின் சாவ்யாங், தங்லின், கத்தோங், டெல்டா பள்ளிகள், ரெயின்போ சென்டர், ஆவ்வா, மெத்தா, ஈடன் ஆகியவை இதில் அடங்கும். சமூகச் சேவை அமைப்புகள் நடத்தினாலும் இவற்றுக்கு அரசாங்க நிதி கிடைக்கிறது. வகுப்பு சிறியது, பேச்சுப் பயிற்சியாளரும் உடலியக்கப் பயிற்சியாளரும் பள்ளியிலேயே இருப்பார்கள். பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, ஈஸி-லிங்க் பயண அட்டையைத் தட்டிப் பேருந்தில் ஏறுவது, கடையில் மிச்சக் காசு வாங்குவது ஆகியவை இங்கே பாடங்கள்.

நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனின் பெற்றோர், அறிக்கையில் சிறப்புக் கல்விப் பள்ளி என்று எழுதியிருந்தும் அவனைப் பொதுப்பள்ளியில் சேர்த்தார்கள். தீபாவளிக்கு வீடு நிறைய வரும் உறவினர் "எந்தப் பள்ளி?" என்று கேட்பார்களே என்ற தவிப்பு அவர்களுக்கு, அவனுடைய தாயாரே பின்னொரு நாள் கண்கலங்கி என்னிடம் சொன்னார். இரண்டு ஆண்டுகள் அவன் தனக்குப் புரியாத பயிற்சித் தாள்களின் முன் உட்கார்ந்திருந்தான். வீட்டில் மாலை முழுவதும் துணைப்பாட வகுப்பு. பின்பு சிறப்புக் கல்விப் பள்ளிக்கு மாறிய முதல் ஆண்டில் மூன்று காரியங்களைத் தானே செய்யக் கற்றுக்கொண்டான்: காலணிக் கயிறு கட்டுவது, பாட்டிக்கு மைலோ கலக்கிக் கொடுப்பது, வீட்டு முகவரியைச் சொல்வது. அந்தத் தாயார் வருந்தியது பள்ளியை மாற்றியதற்காக அன்று. இழந்த இரண்டு ஆண்டுகளுக்காக.

இதிலிருந்து, அறிவுத்திறன் குறைபாடு உள்ள எல்லாரும் தனிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சிறப்புத் தேவையுள்ளோர் கல்வி பற்றி உலக நாடுகள் ஸ்பெயினில் கூடி வெளியிட்ட 1994ஆம் ஆண்டின் சலமாங்கா அறிக்கையும், சிங்கப்பூர் 2013இல் உறுதிசெய்த உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையும், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கற்பதையே குறிக்கோளாக வைக்கின்றன. அந்தக் குறிக்கோளை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். 40 பேர் இருக்கும் வகுப்பில் இன்னோர் ஆசிரியரும், அதே பாடத்தைப் பல படிகளில் கற்பிக்கும் முறையும், மதிப்பெண்ணையே நோக்காத மதிப்பீடும் வந்தால், இன்று பிரிந்து படிக்கும் பலர் சேர்ந்து படிக்கலாம். அவை வருவதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால், அவை வராத வகுப்பில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அதற்கு ஒருங்கிணைந்த கல்வி என்று பெயர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே அறையில் இருப்பதும் சேர்ந்து கற்பதும் வேறு வேறு. சிறப்புக் கல்விப் பள்ளிகள் அருகிலுள்ள பொதுப்பள்ளிகளோடு கூட்டுச் சேர்ந்து இடைவேளை, விளையாட்டு, இசை ஆகியவற்றில் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கின்றன. அத்தகைய சந்திப்பு வாரந்தோறும் நடக்கிறதா, ஆண்டுக்கு ஒரு விழாவோடு முடிகிறதா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

அடுத்து, தமிழ். பிள்ளைக்குப் பேச்சு தாமதமானதும் "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது அறிவுரை சொல்வதும், குடும்பம் ஒரே இரவில் மொழியை மாற்றிக்கொள்வதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகப் பின்தங்குகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத பாட்டி, தன் பேரனோடு பேச்சையே நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பேசப் பழகுவதற்கு ஆள் குறைவாக உள்ள பிள்ளைக்கு, நாள் முழுவதும் அருகில் இருக்கும் ஒருவரையும் அப்படி இழக்கச் செய்வது எவ்வளவு பெரிய இழப்பு!

பொதுப்பள்ளியில் சேரும் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடத்தில் மூன்று நிலைகள் உண்டு: மற்றவர்களைப் போலவே படிப்பது, தொடக்கநிலை ஐந்திலிருந்து அடிப்படைத் தமிழ் படிப்பது, சிறப்புத் தேவை காரணமாக விலக்குப் பெறுவது. விலக்குப் பெற்றவருக்கு இறுதியாண்டுத் தேர்வில் மற்றப் பாடங்களின் தேர்ச்சியை ஒட்டி 6 முதல் 8 வரையிலான அடைவுநிலை ஒன்று (1 மிகச் சிறந்தது, 8 கடைசி) கணக்கில் சேர்க்கப்படும். ஆகவே, விலக்கு என்றால் மதிப்பெண் நட்டமே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு விலக்குக் கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஆங்கிலத்தைப்போல ஒரே எழுத்து பல உயிரொலிகளைத் தந்து குழப்புவது தமிழில் குறைவு. கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டால் பெரும்பாலான சொற்களை வாசித்துவிடலாம். மறுபக்கம், 247 எழுத்துகளும், கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் வந்து சேர்வதும், ல, ள, ழ வேறுபாடும், வீட்டில் பேசுவது ஒன்றாகவும் புத்தகத்தில் இருப்பது வேறாகவும் இருப்பதும் அதே பிள்ளையைத் திணறடிக்கும். எனக்குத் தெரிந்த சில பிள்ளைகள் ஆங்கிலத்தைவிடத் தமிழை எளிதாக வாசித்தார்கள். சிலருக்கு இரண்டுமே பாரமாயின. என் கருத்து: தொடக்கநிலை மூன்று வரை தமிழில் இருக்கட்டும், வாய்மொழியில் பிள்ளை என்ன சாதிக்கிறது என்று பாருங்கள், அடிப்படைத் தமிழை முதலில் கருதுங்கள். நாள்தோறும் அழுகையோடு பள்ளிக்குப் போகும் நிலை வந்தால் தயங்காமல் விலக்குக் கேளுங்கள். வீட்டில் கதையும் பாட்டும் தமிழிலேயே தொடரலாம். சிறப்புக் கல்விப் பள்ளியில் சேர்ப்பவர்கள், தமிழுக்கு அங்கே என்ன இடம் உண்டு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டும். நாம் கேட்காவிட்டால், நமக்கு அது தேவையில்லை என்றே பள்ளிகள் எண்ணிக்கொள்ளும்.

கட்டணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. இரு வகைப் பள்ளிக்கும் உதவித் திட்டங்கள் உள்ளன. பள்ளிப் பேருந்தும், பள்ளி முடிந்தபின் பிள்ளையை வைத்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையமும்தான் உண்மையான செலவுகள். இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இவ்விரண்டையும் பள்ளித் தெரிவோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆறு வயதில் எடுக்கும் முடிவின் மறுமுனை பதினெட்டு வயதில் இருக்கிறது. பொதுப்பள்ளி வழியாகச் செல்பவர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது, அங்கும் சிறப்புத் தேவை உதவிப் பிரிவுகள் இருக்கின்றன. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் டெல்டா, மெத்தா போன்றவை தொழிற்சான்றிதழ் பெறும் வாய்ப்பைத் தருகின்றன. பள்ளியின் கடைசி ஆண்டில் வேலைக்குப் பழக்கும் திட்டத்தை உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்போடு சேர்ந்து நடத்துகிறார்கள். உடற்குறையுள்ளோரில் வேலை செய்வோரின் விகிதத்தை 2030க்குள் 40 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அரசாங்கம் வகுத்துள்ள இலக்கு. ஆனால், கடுமையான தேவையுள்ளவருக்குப் பள்ளி முடிந்த மறுநாள் எங்கே போவது என்பது இன்றும் பல குடும்பங்களை உறங்கவிடாத கேள்வி. சேர்க்கைக்காகப் போகும்போதே, "சென்ற ஆண்டு இங்கிருந்து வெளியேறியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்பது கடினம்தான், இருந்தாலும் கேளுங்கள்.

எனவே, என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் இப்படித்தான் சொல்வேன். தன் வயதுப் பாடத்தைச் சற்று உதவியோடு பின்பற்ற முடிகிற, கழிவறைக்கும் உணவுக்கும் பெரும்பாலும் தன்னையே பார்த்துக்கொள்ள முடிகிற பிள்ளையை முதலில் பொதுப்பள்ளியில் சேர்த்துப் பாருங்கள். அருகிலுள்ள பள்ளிகளில் யார் பதில் சொல்லத் தயங்கவில்லையோ அந்தப் பள்ளியில். பாடம் புரிகிறது, ஆனால் கூட்டமும் சத்தமும் அவனை உடைக்கின்றன என்றால் தேசியப் பாடத்திட்டம் உள்ள சிறப்புக் கல்விப் பள்ளிக்கு விண்ணப்பியுங்கள். அன்றாடக் காரியங்களைக் கற்பதே அடுத்த பத்தாண்டின் பெரிய வேலை என்று தெரிந்தால், நான்காவது வழியை முதல் ஆண்டிலேயே தேர்ந்தெடுங்கள். பள்ளி வயதுக்கு முன் தரப்படும் முன்தலையீட்டுப் பயிற்சி இன்னும் ஓராண்டு கிடைத்தால் நிலை மாறும் என்று நிபுணர் கருதினால், தொடக்கநிலை ஒன்றை ஓராண்டு தள்ளிவைக்கவும் விண்ணப்பிக்கலாம். ஆனால், அந்த ஓராண்டில் என்ன செய்யப்போகிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

எடுத்த முடிவை மறுபடி பார்ப்பதற்கும் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். பொதுப்பள்ளியில் உள்ளவர்களுக்குத் தொடக்கநிலை இரண்டின் செப்டம்பர் விடுமுறை அதற்கு ஏற்றது. அடுத்த ஆண்டு வகுப்பு பெரிதாகும், அறிவியல் பாடம் தொடங்கும், எழுதுவதும் கூடும். அந்த விடுமுறைக்கு முன், வகுப்பாசிரியரையும் சிறப்புத் தேவை அதிகாரியையும் ஒன்றாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். பிள்ளை தானே செய்யத் தொடங்கியவை, இன்னும் உதவி தேவைப்படுபவை, இடைவேளையில் அவன் யாரோடு உட்காருகிறான் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.